வணிகச் சட்டத்துக்கு ஓர் இலவசப் பாடநூல்: வன்னி வகுப்பில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடத்திலோ, கணக்கியல் டிப்ளோமா வகுப்பிலோ, ஏஏடி என்ற கணக்கியல் தொழில்சார் பரீட்சைக்கோ வணிகச் சட்டம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருட்களை நம்பியே இருக்கிறார்கள். ஒன்று விரிவுரையாளரின் குறிப்பு. மற்றது போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாக வந்துசேரும் ஒரு பழைய நூல். இந்த இடத்தில் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'பிசினஸ் லோ 1 எசென்ஷல்ஸ்' என்ற திறந்த பாடநூலைப் பாவிக்கலாமா என்று பார்ப்போம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட வெளியீட்டகம் அது. நூல் 2019 இல் வந்தது. இணையத்தில் பக்கம் பக்கமாக வாசிக்கலாம், பிடிஎஃப் ஆகவும் இறக்கலாம், காசும் இல்லை, பதிவும் வேண்டியதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இதைத் துணைநூலாகக் கொடுக்கலாம், ஒரே பாடநூலாகக் கொடுக்கக்கூடாது. பதினான்கு அத்தியாயங்களில் ஐந்தாறு நமக்கு உதவும். மற்றவை அமெரிக்க அரசியலமைப்பு, அமெரிக்கப் போட்டிச் சட்டம், அமெரிக்கப் பங்குச்சந்தைச் சட்டம் என்று போகின்றன. அவற்றால் ஆபத்து இல்லை. தலைப்பைப் பார்த்த உடனேயே மாணவன் "இது நமக்கில்லை" என்று கடந்துபோவான். ஆபத்து இருப்பது நம்முடையதைப் போலவே தோன்றும் அத்தியாயங்களில்தான். ஒப்பந்தம், பொருள் விற்பனை, தொழில் ஆகிய மூன்றிலும் சொற்கள் அதேதான், விதிகள் வேறு. பிழையான சட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகிறவனுக்கு, தான் பிழையாகப் படித்ததே தெரியாது.

ஒப்பந்தச் சட்டத்தைக் கூறும் ஏழாம் அத்தியாயத்தை எடுப்போம். முனைவு (ஒருவர் முன்வைக்கும் யோசனை), ஏற்பு, கைம்மாறு (வாக்குறுதிக்குப் பதிலாகக் கொடுக்கப்படுவது) என்று அழகாகப் படியேறிப் போகிறது. முனைவும் ஏற்பும் அப்படியே பயன்படும். கைம்மாறு வந்ததும் நிறுத்தவேண்டும். அமெரிக்காவில் கைம்மாறு இல்லாத வாக்குறுதி பொதுவாக ஒப்பந்தமாகாது. இலங்கையின் பொதுச் சட்டம் உரோம டச்சுச் சட்டம். அது கேட்பது நியாயமான காரணம் ஒன்றை மட்டுமே. 1918 இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில், தார்மீகக் கடப்பாடுகூட அத்தகைய காரணமாகலாம் என்று அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது. அதற்காகக் கைம்மாற்றை முழுக்க மறந்துவிடவும் முடியாது. காசோலை, உண்டியல் (பணம் செலுத்தச் சொல்லும் எழுத்துக் கட்டளை) விடயங்களில் நாம் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றுவதால் அங்கே அது திரும்பவும் வரும். இந்த இரட்டை நிலையை எந்த அமெரிக்க நூலும் சொல்லித்தராது. கைம்மாறு இல்லாத இடத்தில் வாக்குறுதியைக் காப்பாற்ற அமெரிக்க நீதிமன்றங்கள் கண்ட முரண்தடைக் கோட்பாட்டுக்கும் (வாக்கை ஒருவர் நம்பி நடந்தபின் அதை மறுக்க விடாத விதி) நூல் இடம் ஒதுக்குகிறது. இங்கே அதற்கு அவ்வளவு தேவை எழுவதில்லை, ஒரு வாக்கியத்தில் கடந்துபோகலாம்.

அதே அத்தியாயத்தில் ஒப்பந்தம் செய்யும் தகுதி பற்றிய பகுதி வருகிறது. இளவரின், அதாவது பராயமடையாதவரின், ஒப்பந்தம் பற்றி நூல் சொல்வதில் பாதி பொருந்தும். 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இங்கேயும் பராய வயது 18. பெற்றோரை விட்டுத் தனியே வியாபாரம் நடத்தும் இளவர் அந்த வியாபார விடயங்களில் பராயமடைந்தவராகக் கருதப்படலாம் என்ற உரோம டச்சு விதியை நாம்தான் சேர்க்கவேண்டும். வன்னிக்கு இதைவிட முக்கியமானது வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. அதற்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தை 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கேட்கிறது. வங்கியில் கடன் பிரிவுக்குப் போகப்போகிற மாணவி இதைத் தெரியாமல் பட்டம் பெறக்கூடாது.

காணி என்று வந்துவிட்டதால் இன்னொன்று. அமெரிக்காவில் காணி விற்பனைக்கு எழுத்தும் ஒப்பமும் இருந்தால் ஒப்பந்தம் வலுப்பெறும். இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்கிறது. விற்கும் உறுதிக்கு மட்டுமல்ல, விற்பதாக உடன்படும் பத்திரத்துக்கும் அதுதான் விதி. முத்திரை ஒட்டிக் கைப்பட எழுதி வாங்கிய கடதாசியை வைத்துக்கொண்டு காணி தன்னுடையது என்று சொல்பவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குறைவில்லை. குடியேற்றத் திட்டங்களில் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி என்றால் சிக்கல் இரட்டிப்பு. பேர்மிட் காணியை உறுதிக் காணி போல விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. இதற்கு ஒரு பக்கத் துணைக்குறிப்பு கட்டாயம் வேண்டும்.

எட்டாம் அத்தியாயம் பொருள் விற்பனை. இந்த அத்தியாயம் முழுக்க அமெரிக்காவின் விற்பனைச் சட்டமான சீரான வணிகக் கோவையைச் சுற்றியே நடக்கிறது. நம்முடையது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அது 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியது. உரித்து, விபரிப்பு, தரமும் பொருத்தமும், மாதிரி என்ற நான்கு உட்கிடை நிபந்தனைகளை (பேசாவிட்டாலும் இருப்பதாகச் சட்டம் கொள்ளும் நிபந்தனைகளை) மாணவன் அறியவேண்டும். நூலிலுள்ள உத்தரவாதப் பகுதியை வாசித்தபின் இவற்றைப் படித்தால் ஒப்பிட இலகுவாக இருக்கும். ஆனால் நிபந்தனை, உத்தரவாதம் என்று நம் சட்டம் பிரிக்கும் கோட்டை நூலில் தேடவேண்டாம். நிபந்தனை மீறினால் பொருளை மறுக்கலாம், உத்தரவாதம் மீறினால் நட்டஈடு மட்டுமே. பரீட்சையில் அடிக்கடி புள்ளி போகிற இடம் இது.

எழுத்து மூல விதியும் வேறு. அமெரிக்கக் கோவை 500 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக்கு எழுத்துக் கேட்கிறது. நம் கட்டளைச் சட்டத்தில் அப்படித் தொகை எல்லை இல்லை. எவ்வளவு சிறிய விற்பனையானாலும், வழக்காடவேண்டுமென்றால் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும், அல்லது பொருளில் ஒரு பகுதியை வாங்குபவர் ஏற்றுப் பெற்றிருக்கவேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதி கொடுபட்டிருக்கவேண்டும். வகுப்பில் இப்படி ஒரு கணக்கைப் போடலாம்: விசுவமடு விவசாயி ஒருவர் காலபோக நெல்லில் 100 மூட்டையைத் தருவதாகப் பரந்தன் ஆலைக்காரரிடம் போனில் ஒத்துக்கொள்கிறார். முற்பணம் இல்லை, எழுத்தும் இல்லை. மறுநாள் வேறொருவர் கூடின விலை சொல்ல அவருக்கு விற்றுவிடுகிறார். ஆலைக்காரர் வழக்குப் போடலாமா? பிறகு கேள்வியை மாற்றுங்கள். முற்பணமாக 5,000 ரூபா கைமாறியிருந்தால்? மாதிரி நெல்லின் ஈரப்பதன் 14 வீதம், வந்த மூட்டைகளில் 18 வீதம் என்றால்? நூலின் அத்தியாய முடிவிலுள்ள கேள்விகளில் இந்த வகை போதாது. அவை பெரும்பாலும் வாசித்ததை நினைவில் வைத்திருக்கிறாயா என்று சோதிக்கும் பல்தேர்வும் குறுவிடையும். நம் பரீட்சைகள் சம்பவத்தைத் தந்து ஆலோசனை கேட்பவை. பிரச்சினையை இனங்காண், விதியைச் சொல், சம்பவத்துக்குப் பொருத்து, முடிவு சொல் என்ற நான்கு படியில் எழுதப் பழக்கவேண்டுமானால் கேள்விகளை ஆசிரியரே ஆக்கவேண்டும்.

காலவரம்பையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்கக் கோவையில் விற்பனை வழக்குக்கு நான்கு ஆண்டு. இங்கே 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, விற்றுக் கையளித்த பொருளுக்கும் கடைக் கடனுக்கும் ஒரே ஓர் ஆண்டு. கடன் கொப்பியில் மட்டும் எழுதிப் பொருள் கொடுக்கும் கடைக்காரர் அறுவடைக்கு அறுவடை தவணை சொல்லிக்கொண்டிருந்தால், வழக்குப் போகும் நாளில் காலம் கடந்திருக்கும்.

தொழிற் சட்டம் ஒன்பதாம் அத்தியாயம். இதை வாசிக்கக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. காரணமின்றி எப்போதும் வேலையை விட்டு நீக்கலாம் என்பதுதான் அமெரிக்கத் தொழிலுறவின் அடிப்படை. இலங்கையில் அது தலைகீழ். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலைசெய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலைசெய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்க, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டு முடித்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. இவற்றில் ஒன்றும் நூலில் இருக்க நியாயமில்லை. நூலைக் குறை சொல்லவும் நியாயமில்லை.

தீங்கியல், அதாவது பிறருக்கு விளைத்த கேட்டுக்கு நட்டஈடு கேட்கும் சட்டம், பற்றிய ஆறாம் அத்தியாயம் பரவாயில்லை. கவனக்குறைவின் கூறுகளை, அதாவது கவனக் கடமை, மீறல், காரணத் தொடர்பு, சேதம் ஆகியவற்றை, இலகுவான ஆங்கிலத்தில் விளக்குகிறது. குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரின் கண்டிப்பான பொறுப்பு என்ற பகுதியை மட்டும் அமெரிக்க விதி என்று குறித்துவிட்டு, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைச் சேர்த்தால் போதும். நேர்மையற்ற வணிக நடைமுறைகள் பற்றிய பன்னிரண்டாம் அத்தியாயத்தை முழுதாகவே இந்தச் சட்டத்தால் மாற்றீடு செய்யலாம்.

பிணக்குத் தீர்த்தல் பற்றிய இரண்டாம் அத்தியாயம் நூலின் நல்ல பகுதி. பேச்சுவார்த்தை, மத்தியஸ்தம், நடுத்தீர்ப்பு (இரு தரப்பும் ஏற்ற நடுவர் நீதிமன்றுக்கு வெளியே தீர்ப்புச் சொல்வது) மூன்றையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அது சொல்லும் மத்தியஸ்தம் இரு தரப்பும் விரும்பிப் போகிற ஒன்று. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான நம் மத்தியஸ்த சபை அப்படியல்ல. குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்கு என்றால் முதலில் சபைக்குப் போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் நீதிமன்றப் படி ஏறலாம். நடுத்தீர்ப்புக்கு 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தைச் சேர்க்கவும். ஒழுக்கநெறி பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை ஒரு மாற்றமும் இல்லாமல் கொடுக்கலாம். சர்வதேசச் சட்டம் மேலோட்டமானது, விரும்பினால் வாசிக்கட்டும்.

இனி, நூலில் அறவே இல்லாதவை. முகவராண்மை (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்படுவது) இல்லை, பங்குடைமை இல்லை, கம்பனி இல்லை, காசோலையும் உண்டியலும் இல்லை. இலங்கையில் வணிகச் சட்டத் தொடக்கப் பாடத்தின் கணிசமான பங்கு இதுதான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க உண்டியல் கட்டளைச் சட்டம், பணமில்லாத கணக்கில் காசோலை எழுதுவதைக் குற்றமாக்கும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டம் ஆகியவற்றுக்கு வேறு பொருள் தேடவேண்டும். உழவு இயந்திரமும் அறுவடை மெசினும் லீசிங்கில் ஓடும் ஊரில் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டமும் வேண்டும். அண்மைக்காலச் சட்டங்கள் பாராளுமன்ற இணையத்தளத்தில் மும்மொழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது தமிழ்மொழி மூலம் உயர்தரம் முடித்து ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களுக்கு நல்ல பயிற்சி.

மொழி என்றால் நூலுக்குத் தாராளமாகப் புள்ளி போடலாம். வாக்கியங்கள் குட்டை, இலத்தீன் குறைவு. பழைய ஆங்கிலச் சட்ட நூலோடு மல்லுக்கட்டிச் சோர்ந்தவர்களுக்கு இது மூச்சுவிட இடம் தரும்.

பதினைந்து வாரப் பருவமானால் முதல் வாரம் முழுவதையும் இலங்கைச் சட்டத்தின் மூலங்களுக்கும் நீதிமன்ற அமைப்புக்கும் ஒதுக்கி, நூலின் முதலாம் அத்தியாயத்தைத் தவிர்க்கவும். இரண்டாம் வாரம் நூலின் இரண்டாம் அத்தியாயம், பிறகு நான்கு வாரம் ஒப்பந்தம், இரண்டு வாரம் விற்பனை, ஒரு வாரம் தீங்கியல். மீதி ஆறும் நூலுக்கு வெளியே. மாணவருக்கு முழுப் பிடிஎஃப்பை அனுப்பாமல் 2, 3, 6, 7, 8 ஆகிய அத்தியாயங்களை மட்டும் பிரித்து அனுப்பினால் டேட்டாவும் மிச்சம், தேவையற்றதை வாசிக்கும் நேரமும் மிச்சம். அச்சடிப்பதானால் கறுப்பு வெள்ளையில் ஏ4 தாளின் இரு பக்கமும் அடித்து, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பின்னால் அதற்குரிய இலங்கைக் குறிப்பையும் சேர்த்தே ஸ்பைரல் போடுங்கள். குறிப்பைத் தனித் தாளாகக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் தொலைந்துவிடும், அமெரிக்க விதி மட்டும் கையில் மிஞ்சும்.

உரிமத்தையும் கவனிக்கவேண்டும். நூல் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிடவேண்டும், வணிக நோக்கம் கூடாது, மாற்றியமைத்ததையும் அதே உரிமத்திலேயே வெளியிடவேண்டும். ஆகவே தமிழில் பெயர்க்கலாம், இலங்கைச் சட்டத்தைச் செருகலாம், அத்தியாயத்தை வெட்டலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் அப்படி ஆக்கியதை டியூட்டரியில் இலாபம் வைத்து விற்கமுடியாது. முன்பக்கத்தில் மூல நூலின் பெயர், ஆசிரியர்கள், வெளியீட்டகம், உரிமம், எதை மாற்றினோம் என்ற ஐந்தும் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பந்தி அமெரிக்காவுடையது, எந்தப் பந்தி இங்கே சேர்த்தது என்று வாசிக்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்பதால், செருகிய பந்திகளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிடுவது இன்னும் நல்லது.