புளியரை எஸ் வளைவில் நிற்கும் மாருதி 800-ம், செங்கோட்டை அண்ணாச்சி ஒர்க்‌ஷாப்பும்

எங்கள் வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அக்காவைக் கேரளாவில் புனலூரில் கட்டிக் கொடுத்திருப்பதால் மாதம் இரண்டு தடவையாவது மலையேறியாக வேண்டும். தென்காசியிலிருந்து புளியரை வரை சமர்த்தாக வரும், எஸ் வளைவில் பாதி ஏறியதும் இரண்டு தடவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஆஃப் ஆகிவிடும். பின்னால் கேரளா பஸ்காரர் ஹார்னில் கை வைத்தால் எடுக்கவே மாட்டார். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

முதலில் காட்டிய இடத்தில் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டர் கிட்டையும் மாற்றி 4,200 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த வாரமே அதே வளைவு.

அப்புறம்தான் செங்கோட்டையில் கொல்லம் ரோட்டை ஒட்டியிருக்கும் இந்த ஷெட்டுக்குப் போனேன். போர்டுகூடக் கிடையாது. அண்ணாச்சி ஸ்பேனரையே எடுக்கவில்லை. “சூட்டுல வர்ற வியாதியச் சூட்டுலதான் பாக்கணும் தம்பி, டீ குடிச்சிட்டு வாங்க” என்று பானெட்டை மூடி ஐடிலில் ஓட விட்டுவிட்டார். ஐம்பது நிமிடம்! பெட்ரோலோடு என் வயிறும் எரிந்தது. கடைசியில் வண்டி நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டரின் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சாமான்) நடு ஒயரை உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி மஞ்சளாக, நூல் மாதிரி, விட்டு விட்டு வந்தது. இக்னிஷன் காயில் (coil) மேல் மட்டும் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் கழித்து அடித்தால், நீலப் பொறி, சட் சட்டென்று சத்தத்தோடு! பெட்ரோல் பம்பைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்காக இருபதாயிரத்துக்கு மேல் ஏற்றித் தரும் சாமான் இந்தக் காயில். உள்ளே தலைமுடி மாதிரிக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, இன்சுலேஷன் பழசாகிவிட்டால் சூட்டில் கைவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறின வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் காயில் நல்லது என்றே காட்டலாம்.

காயிலை மாற்றுவது அரை மணி வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காயிலின் பிளஸ் ஒயரில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினார், மாறிவிடக் கூடாதாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கப்புறம் செய்ததுதான்: பொறி விழும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார், முனை தேய்ந்து கேப் (இடைவெளி) ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போயிருந்தது. கேப் கூடினால் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அந்தப் பாரம் காயில் தலையில்தான் விழும். அதையும் மாற்றாமல் விட்டிருந்தால் புதுசும் சீக்கிரம் போயிருக்கும்.

காயில் 950, மூன்று பிளக், கூலி 250. பழைய காயிலைக் கையில் கொடுத்தார், அடியில் எண்ணெய் கசிந்து பிசுபிசுவென்று இருந்தது. அதற்கப்புறம் மூன்று தடவை புனலூர் போய் வந்தாயிற்று, எங்கேயும் நிற்கவில்லை.

குறை என்றால், பில் கிடையாது. மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் மூன்றரை வரை திறக்க மாட்டார், உங்கள் வண்டி உள்ளே இருந்தாலும் சரி.