ஹோண்டா சிபி750 ஃபோர், 1/12 அளவு: ஒட்டுவது எளிது, வண்ணம் பூசுவதே வேலை

கார் மாதிரி செய்பவருக்கு ஒரு சலுகை உண்டு. இன்ஜின் அறைக்குள் ஏதேனும் கோணலாக நின்றுவிட்டால் பானட்டை மூடிவிடலாம். மோட்டார் சைக்கிள் மாதிரி செய்பவருக்கு மூடுவதற்கு எதுவும் இல்லை. இன்ஜின், ஃபிரேம், கார்புரேட்டர், செயின், கேபிள் எல்லாமே வெளியே தெரிபவை. அதோடு ஒன்றின் இடுக்கில் மற்றொன்று புகுந்து நிற்பவை. ஆகவே பாகங்களாக வாங்கி ஒட்டிச் செய்யும் இவ்வகைக் கிட்டுகளில் எந்தப் பாகத்தை எப்போது ஒட்டுவது என்பதைப் பெயிண்ட் அடிக்கும் வசதிதான் தீர்மானிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டு ஹோண்டா சிபி750 ஃபோர் வண்டியை 1/12 அளவில் தரும் ஜப்பானியக் கிட் ஒன்றைச் செய்து முடித்தபின் எழுதும் இந்த மதிப்புரை அந்த ஒரு கேள்வியை வைத்தே அதை எடைபோடுகிறது. பாகங்கள் பொருந்தும் விதத்தில் இது நல்ல கிட். வண்ணம் பூசுபவரை மனத்தில் வைத்து வகுத்த கிட் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எந்த வண்டியின் மாதிரி என்பது இங்கே பொருட்படுத்த வேண்டிய செய்தி. 1968இல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த சிபி750, 736 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்குவாட்டில் தாங்கி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும், பொத்தானை அழுத்தினால் போதும் என்ற ஸ்டார்ட்டரும் கொண்டு வந்தது. நிமிடத்துக்கு 8000 சுற்றில் 67 குதிரைத்திறன் என்பது அன்றைக்குச் சாதாரண மனிதர் வாங்கி ஓட்டும் வண்டியில் பெரிய விஷயம். மாதிரி செய்பவருக்கோ இந்தச் சிறப்புகள் எல்லாம் வேலைகளாகத் தெரியும். நான்கு சிலிண்டர் என்றால் நான்கு கார்புரேட்டர், நான்கு வளைகுழாய், நான்கு சைலன்சர். அதாவது குரோமாக மின்ன வேண்டிய மிகப் பெரிய பரப்பு. காற்றில் குளிரும் இன்ஜின் என்றால் வெப்பத்தைக் காற்றில் விடும் ஃபின்கள், அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள். போதாக்குறைக்கு, முதல் ஆண்டு வண்டிகளின் டேங்க் கேண்டி எனப்படும் ஊடுருவித் தெரியும் நிறத்தில் வந்தது. நிஜ வண்டி ஏறக்குறைய 2.16 மீட்டர் நீளம். மாதிரி 18 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய இந்தப் பொருளில் கறுப்பு, வெள்ளி, குரோம், கேண்டி, ரப்பர் என ஐந்து வகை மேற்பரப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வார்ப்பின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. சிலிண்டர் ஃபின்கள் கூர்மையாக விழுந்திருக்கின்றன. இன்ஜின் மூடிகளில் உள்ள போல்ட் தலைகள் அறுகோணமா, வட்டமா என்று கண்ணாடி வைத்துப் பார்க்காமலே தெரிகிறது. சட்டத்தோடு பாகத்தைப் பிடித்திருக்கும் காம்புகள் பெரும்பாலும் மறைவான இடங்களில் உள்ளன. மெல்லிய குழாய்களின் அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி, 800ஆம் எண் உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்தால் போதும். பசையில்லாமல் பொருத்திப் பார்க்கையில் இன்ஜின் தொகுதி தானாகவே நின்றது.

இன்ஜினுக்கு வெள்ளி நிறம் என்று குறிப்புத் தாள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறது. அதை அப்படியே பின்பற்றினால் பொம்மைதான் கிடைக்கும். நிஜ வண்டியில் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் வார்த்த அலுமினியத்தின் மங்கலான சாம்பல். சிலிண்டர்கள் பெயிண்ட் அடித்த வெள்ளி. இருபுற மூடிகள் பாலிஷ் போட்டவை. மூன்றுக்கும் மூன்று வெள்ளிகளைப் பயன்படுத்தி, ஃபின்களின் பள்ளங்களில் மட்டும் நன்றாகக் கரைத்த கருமை கலந்த பழுப்பை ஓடவிட்டபோது ஃபின்களின் ஆழம் உடனே எழுந்து வந்தது. அப்படி ஓடவிடுவதற்கு எனாமல் பெயிண்ட் எடுத்தால் ஓர் எச்சரிக்கை: திருகோ இறுக்கமான பொருத்தோ உள்ள இடத்தில் எனாமல் தின்னர் தேங்கினால், இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விடும். தூரிகையைத் துடைத்துவிட்டு ஈரம் குறைவாக வைப்பதே பாதுகாப்பு.

ஃபிரேமுக்கு வந்தால்தான் இந்தக் கிட்டை வகுத்தவரோடு சண்டை தொடங்குகிறது. ஃபிரேம் இடது, வலது என இரண்டு பாதிகளாக வருகிறது. முடித்த இன்ஜினை நடுவில் வைத்து இரண்டு பாதிகளையும் மூடி ஒட்டச் சொல்கிறது குறிப்புத் தாள். ஒட்டுவாய் மேல் குழாயின் நெடுகிலும் ஓடினாலும் அதை டேங்க் மறைத்துவிடும். ஆனால் ஹேண்டில்பார் திரும்பும் தலைக்குழாயின் முன்பக்கத்திலும், சீட்டுக்கு அடியிலுள்ள குறுக்குக் குழாய்களிலும் அது பளிச்சென்று தெரியும். அங்கே பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் வெள்ளைத் தூசி முழுவதும் ஏற்கெனவே வண்ணம் பூசிய ஃபின்களுக்குள் இறங்கும். அதன்பின் ஃபிரேமுக்குக் கறுப்பு அடிக்க இன்ஜினை டேப்பால் போர்த்த வேண்டும்; குழாய்க்கும் இன்ஜினுக்கும் இடையில் டேப் நுழையாத இடுக்குகள் குறைந்தது நான்கைந்து இருக்கின்றன. ஒட்டுகிற வரிசையும் பூசுகிற வரிசையும் நேருக்கு நேர் மோதும் இந்த இடத்தைப் பற்றிக் குறிப்புத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

இதற்கான வழியை நிஜ வண்டியே சொல்லித் தருகிறது. சிபி750இன் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கும் மெக்கானிக் அதை வலப்பக்கமாகத்தான் வெளியே எடுப்பார். மாதிரியிலும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டின் மேல்மூடியையும் கார்புரேட்டர் வரிசையையும் ஒட்டாமல் வைத்துக்கொண்டு, அடிப்புறப் பொருத்து முளைகளில் ஒன்றை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிவிட்டால், முழுதாக ஒட்டித் தேய்த்துக் கறுப்படித்த ஃபிரேமுக்குள் இன்ஜின் வலப்பக்கமாகச் சாய்ந்து நுழைகிறது. சீவிய முளையை இன்ஜின் பிளேட் மறைத்துவிடுகிறது. ஃபிரேமும் சுத்தம், இன்ஜினும் சுத்தம். வார்ப்பு அச்சு வெட்டும்போதே அந்த அரை மில்லிமீட்டரை விட்டிருந்தால் வாங்குபவர் எல்லாருக்கும் இந்த வசதி கிடைத்திருக்கும்.

அடுத்து டேங்க். கேண்டி நிறம் என்பது ஒற்றைப் பெயிண்ட் அல்ல. அடியில் வெள்ளியோ தங்கமோ பூசி, அதன்மேல் கண்ணாடி போன்ற சாயப் பூச்சைப் பல தடவை மெல்லியதாக ஏற்றுவது. ஒளி சாயத்தைக் கடந்து சென்று உலோகப் பூச்சில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம் கிடைக்கிறது. மாதிரியிலும் வேறு குறுக்கு வழி கிடையாது. மாணிக்கச் சிவப்பு நிறத்துக்கு, பிரைமர் எனப்படும் சாம்பல் அடிப்பூச்சின் மேல் பளபளப்பான கறுப்பு, அதன்மேல் நுண்ணிய துகள் கொண்ட வெள்ளி, அதன்மேல் டாமியா நிறுவனத்தின் எக்ஸ்-27 க்ளியர் ரெட் என்னும் ஊடுருவித் தெரியும் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன். எக்ஸ்-27 தூரிகையில் கோடு கோடாகத் தேங்கும். காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் நன்றாகக் கரைத்து அடித்தால் அருமையாக விழும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஒரு படி அடர்த்தியாக்கும் என்பதால், டேங்க்குக்கு ஆறு பூச்சும் பக்க மூடிக்கு ஐந்து பூச்சும் விழுந்தால் இரண்டும் வேறு வேறு சிவப்பாகிவிடும். முதல் ஆண்டு வண்டியில் டேங்க், பக்க மூடிகள், ஹெட்லைட் கூடு, ஃபோர்க்கின் மேல் உறைகள் என இத்தனையும் ஒரே நிறம். ஆனால் கிட்டில் டேங்க் சிவப்பு பிளாஸ்டிக்கிலும் மற்றவை கறுப்பு பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்பட்டிருக்கின்றன. பிரைமரால் எல்லாவற்றையும் ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவந்து, குச்சிகளில் செருகி ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே வீச்சில் அத்தனைக்கும் சேர்த்து அடிப்பதுதான் நிறம் பிசகாமல் இருக்க வழி. இரண்டாவது சிக்கல் தூசி. சாதாரணப் பெயிண்டில் தூசி விழுந்தால் காய்ந்தபின் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கேண்டியில் தேய்த்த இடம் மட்டும் வெளிறிப்போகும், மேலே அடித்தால் சுற்றியுள்ள பகுதி கறுத்துப்போகும். எனவே சிறு தூசியை அப்படியே விட்டு, மேலே நிறமற்ற க்ளியர் பூச்சு தடிமனாக ஏறியபின் அந்தப் பூச்சைத்தான் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். டேங்க்கின் நடுவில் ஓடும் ஒட்டுவாயைப் பிரைமர் நிலையிலேயே முற்றிலும் ஒழித்துவிட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. வெள்ளிக்குக் கீழே உள்ள ஒரு கீறலைக்கூடக் கேண்டி மறைக்காது, எடுத்துக் காட்டிக்கொடுக்கும்.

டீகால்கள், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படங்கள், மெல்லியவை, அச்சு துல்லியம். டேங்க்கின் வளைவில் படியவைக்க மென்மைப்படுத்தும் திரவம் ஒரு துளி போதுமானதாக இருந்தது. லாக்கர் க்ளியரை எடுத்த எடுப்பில் ஈரமாக அடித்தால் டீகால் சுருங்கும்; முதல் இரண்டு பூச்சுகள் பனிபோல் உலர்வாக விழட்டும்.

குரோம் பாகங்கள்தாம் இந்தக் கிட்டின் பலவீனம். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் படியவைக்கும் முறையில் பூசப்பட்ட பாகங்கள் பெட்டியைத் திறந்ததும் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் நான்கு சைலன்சர்களும் ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக, ஏற்கெனவே குரோம் பூசப்பட்டு வருகின்றன. குரோமின் மேல் பசை பிடிக்காது; ஓரத்தைச் சுரண்டித்தான் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் சைலன்சரின் நீளம் முழுவதும் ஒரு கோடு நிற்கும். அதைத் தேய்த்தால் குரோம் போய்விடும், தேய்க்காமல் விட்டால் கோடு தெரியும். வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் முதலில் கண்ணில் படும் உறுப்பு சைலன்சர்தான் என்னும்போது இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியவில்லை. வளைகுழாய்கள் ஒரே துண்டாக வந்திருப்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சைலன்சர்களின் குரோமை முழுவதும் கழற்றிவிடுவதே நேர்மையான தீர்வு. துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்தால் உலோகப் படலம் கரைந்து போகும். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு, அமிலம் எதையும் அருகில் வைக்காமல் செய்ய வேண்டிய வேலை அது. பிறகு ஒட்டி, பட்டி பார்த்து, பளபளப்பான கறுப்பைக் கண்ணாடிபோல் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஆல்கிளாட் வகை உலோக லாக்கரை மிக மெல்லியதாக, குறைந்த அழுத்தத்தில் தூவ வேண்டும். கூடுதலாக அடித்தால் குரோம் போய் வெறும் அலுமினியச் சாம்பலாகிவிடும். கறுப்பு இலேசாக உள்ளே தெரிகிற நிலையில் கையை நிறுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. இப்படிப் பூசிய குரோம், கிட்டோடு வந்த குரோமைவிட ஒரு சாயல் அடங்கியே இருக்கும். என் கண்ணுக்கு அதுவே நிஜ வண்டிக்கு நெருக்கம். ஆனால் வளைகுழாயில் பழைய குரோமும் சைலன்சரில் புதிய குரோமும் சந்திக்கும் இடத்தில் வேற்றுமை தெரிந்ததால், கடைசியில் வளைகுழாய்களையும் கழற்றிப் பூச நேர்ந்தது. முதலிலேயே எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றிவிடுவது உத்தமம்.

அளவு சுருங்கும்போது தடிமனும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதைச் சக்கரங்களும் கேபிள்களும் காட்டுகின்றன. நிஜ ஸ்போக்ஸ் கம்பி மூன்று நான்கு மில்லிமீட்டர். 1/12இல் அது 0.3 மில்லிமீட்டர் ஆக வேண்டும். கிட்டில் இருப்பது சுமார் 0.6 மில்லிமீட்டர். பிளாஸ்டிக்கில் அதற்குக் கீழே வார்ப்பது கடினம் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பிகளின் பக்கவாட்டைக் கறுப்பாக விட்டு, மேல்முகத்தில் மட்டும் உலோக நிறம் ஏற்றினால் கண்ணுக்கு மெலிந்து தெரிகின்றன. கேபிளுக்குக் கொடுத்திருக்கும் வினைல் குழாயை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு மில்லிமீட்டர் விட்டம் என்றால் நிஜத்தில் 12 மில்லிமீட்டர். கிளட்ச் கேபிள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்போல் நிற்கிறது, விறைப்பில் ஹேண்டில்பாரையும் ஒரு பக்கமாக இழுக்கிறது. அரை மில்லிமீட்டர் கறுப்புறை போட்ட மின்கம்பியை வாங்கி மாற்றிவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும்.

பிளாஸ்டிக் மாதிரி ஒன்றையேனும் ஏர்பிரஷ்ஷால் முடித்திருப்பவர்களுக்கு இந்தக் கிட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இன்ஜின் ஒன்றுக்காகவே வாங்கலாம். முதல் மாதிரியாக இதை எடுக்க நினைப்பவர்கள் பெட்டியின் மேல் படத்தில் உள்ள சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவப்பில் ஒரு பூச்சு கூடினாலும் குறைந்தாலும் அடுத்தடுத்த பாகங்களில் உடனே தெரியும். அதே ஆண்டு வண்டி கேண்டி தங்க நிறத்திலும் வந்தது. சாயம் வெளிர் என்பதால் பூச்சின் எண்ணிக்கையில் வரும் பேதம் அதில் கண்ணுக்கு அவ்வளவாகப் படுவதில்லை, ஸ்பிரே டப்பாவைக் கொண்டும் ஓரளவு சமாளிக்கலாம். கிட்டோடு வரும் டீகால் அந்த நிறத்துக்கும் பொருந்தும்.