மூன்று மாதப் பணம் முன்கூட்டியே, காய் மட்டும் பருவத்தின் விருப்பம்

மதுராந்தகம் பக்கத்தில் ரசாயன உரம் போடாமல் காய்கறி செய்யும் ஒரு பண்ணையில் 2023 தை மாதத்திலிருந்து பங்கு வைத்திருக்கிறோம். மூன்று மாதப் பணத்தை முதலிலேயே கட்டிவிட வேண்டும், விதையும் கூலியும் அதிலிருந்துதான், அப்புறம் சனிக்கிழமைதோறும் விளைந்ததில் நம் பங்கு மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்துவிடும், நாம் பையோடு போய் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன காய் வேண்டும் என்று கேட்க முடியாது. வாரத்துக்கு 5 கிலோ, 400 ரூபாய் கணக்கு.

முதல் கோடையில் ஐந்து வாரம் தொடர்ந்து புடலங்காய். கூட்டு, பொரியல் எல்லாம் செய்து அலுத்த பிறகு அத்தைதான் உள்ளிருக்கும் விதையையும் குடலையும் வதக்கித் துவையல் அரைத்துக் கொடுத்தார், இன்றைக்கு வீட்டில் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அதைத்தான்.

அதே வைகாசியில் ஒரு வாரம் பையில் முட்டைக்கோஸ் இருந்தது. மதுராந்தகம் வெயிலில் முட்டைக்கோஸா? பண்ணை நடத்தும் தம்பியிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "பை சின்னதா இருந்தா எல்லாரும் நின்னுடுவாங்கன்னு பயந்துட்டேன்க்கா, வெளியில வாங்கிப் போட்டேன்" என்றார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கோயம்பேட்டில் கிடைக்கும் காய்க்கு நான் எதற்கு மூன்று மாதம் முன்னால் பணம் கட்ட வேண்டும்? இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று குழுவில் பலரும் சொன்னோம். அதற்குப் பிறகு வெளியில் வாங்கியது எதுவாக இருந்தாலும் சீட்டில் எழுதி வைக்கிறார்கள்.

அந்தப் பேச்சு 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது சோதனைக்கு வந்தது. கீரைப் பாத்தி முழுக்கத் தண்ணீர், பந்தல் சாய்ந்துவிட்டது. இரண்டு சனிக்கிழமை பையே இல்லை, மூன்றாவது வாரம் பரங்கிக்கீற்றும் சேனையும் மட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு பேர் விலகினார்கள், அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், மாதச் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை. எங்களுக்கும் அந்த மாதம் கடையிலும் வாங்கியதில் செலவு இரட்டிப்பானது.

ஆனால் தை பிறந்ததும், தப்பிய கொடிகளிலிருந்து அவரைக்காய் வந்தது. கொடி அவரையை ஆடியில் ஊன்றினாலும் பகல் பொழுது சிறுத்தால்தான் பூக்கும், மார்கழி, தையில்தான் காய். கடைகளில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் செடி அவரை வேறு ரகம். கொடி அவரையை வெறும் உப்பும் மிளகாயும் போட்டு வதக்கினாலே வாசனை கூடத்துக்கு வரும். பொங்கலன்று மொச்சை, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் அந்தப் பையிலிருந்தே எடுத்துக் குழம்பு வைத்தேன்.

குறைகளும் உண்டு. கத்தரிக்காயில் புழு இருக்கும், கீரை மண்ணோடு வரும், சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஆய்வதற்கே போய்விடும். தக்காளியும் வெங்காயமும் எப்படியும் கடையில்தான். மூன்று பேருக்குக் குறைவான வீடென்றால் அரைப் பங்கு போதும், முழுப் பங்கு எடுத்தால் பாதி வாடிப் போகும்.

சேருவதாக இருந்தால் ஆடியில் சேருங்கள், விதைப்புச் செலவுக்கு அவர்களுக்குப் பணம் தேவைப்படுவது அப்போதுதான். முதல் ஒன்றரை மாதம் பை லேசாகத்தான் இருக்கும், அவரைக்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டும்.