ஒருநாள் விழாவா, வாராந்திரப் பயிற்சியா?

1960 ரோம் ஒலிம்பிக்கில் பத்துத் தடகளப் போட்டிகள் அடங்கிய டெகாத்லானில் தங்கம் வென்று, பின்னர் திரைப்பட நடிகராகவும் விளங்கிய அமெரிக்கரான ராஃபர் ஜான்சன், 1968-இல் சிகாகோவில் நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் பங்கேற்றார்; அடுத்த ஆண்டே, அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான அவ்வமைப்பைக் கலிபோர்னியாவில் தொடங்கத் துணைநின்று, பல்லாண்டுகள் அதற்காக உழைத்தார். தருமபுரியில் எங்கள் நண்பர்கள் குழு, கையிலுள்ள சிறுநிதியை அத்தகைய குழந்தைகளுக்கு எவ்வாறு செலவிடுவது என்று விவாதித்தபோது, அவரே என் நினைவுக்கு வந்தார்.

ஒருநாள் விளையாட்டு விழா எளிது. பந்தல், மதிய உணவு, பதக்கங்கள் போதும். தம் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிப்பதைப் பெற்றோர் முதன்முறையாகக் கேட்பார்கள். அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாராந்திரப் பயிற்சியோ, பயிற்றுநரின் ஊதியம், பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வருவோரின் பேருந்துக் கட்டணம் என ஓயாத செலவு. ஆயினும், முதல் வாரம் தாயின் முந்தானையை விடாத சிறுவன் ஒருவன், ஐந்தாம் வாரம் கோட்டுக்குப் பின்னால் கால்களைச் சரியாக வைத்து, பந்தைத் தானே எறிந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பழகப் பழக வரும் அந்தத் துணிவை ஒருநாள் விழாவால் தர இயலாது.

ஆகவே நிதியின் பெரும்பகுதி பயிற்சிக்கே செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விழாவை ஆண்டிறுதியில், பந்தலின்றி, பயிற்சி மைதானத்திலேயே நடத்திக்கொள்ளலாம்.