சிறுவிடைத் தாய்க்கோழி என்று சொல்லி 15,500 ரூபாய்க்கு அனுப்பியது பண்ணைக் கலப்பு: வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

எனக்குக் கோழி விற்றவன் நேற்று இரவு என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அதனால்தான் இன்று எழுதுகிறேன். 15,500 ரூபாய் போய்விட்டது. சிறுவிடை (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) வெடைக்கோழி (முட்டைப் பருவத்துக்கு வரும் இளம் பெட்டை) 20, சேவல் 3 என்று பணத்தை வாங்கிக்கொண்டு, ஷெட்டில் அடைத்து வளர்த்த முட்டை ரகக் கலப்பை அனுப்பினவன், நான் பார்த்த அதே இணையக் குழுவில் இன்னும் அதே வீடியோவைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறான். வீட்டில் பத்து இருபது கோழி வைத்து இனம் கெடாமல் குஞ்சு எடுத்து விற்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். வாங்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கணக்கு இதுதான். பெட்டை ஒன்று 600, இருபதுக்கு 12,000. சேவல் ஒன்று 900, மூன்றுக்கு 2,700. பெட்டி, ஆம்னி பஸ் வாடகை 800. ஆக 15,500. கறிக் கோழி விலையை விட அதிகம்தான். ஆனால் ரத்தம் மாற்றுவதற்கு, அதாவது மந்தையில் வெளி வம்சத்தைச் சேர்ப்பதற்கு, வாங்கும் தாய்க்கோழிக்கு இந்த விலை தகும். ஒரே சேவலை அதன் மகள்கள் மேலேயே வருடக்கணக்கில் விட்டால் கூமுட்டை கூடும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும், அலகு கோணிய குஞ்சும் விரல் வளைந்த குஞ்சும் வரும். அதைத் தவிர்க்க இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து சேவல் எடுத்தே ஆக வேண்டும். இந்தத் தேவை எல்லோருக்கும் இருப்பது அவனுக்குத் தெரியும்.

கோழி வாங்க விற்க என்றே இருக்கும் இணையக் குழு அது. அங்கே பார்த்துத்தான் கூப்பிட்டேன். விலையைச் சொல்வதற்கு முன் அவன் கேட்ட கேள்விகளில்தான் நான் ஏமாந்தேன். "அண்ணே, கறிக்கா வளர்ப்புக்கா? கறிக்குன்னா நான் தர மாட்டேன்ணே." "இப்ப உங்ககிட்ட எத்தன பெட்டை நிக்குது? அந்தச் சேவல் அதுகளுக்கு அப்பனா?" "ஒரு சேவலுக்கு எட்டு பெட்டைக்கு மேல விடாதீங்க, கரு பிடிக்காது." "வந்ததும் மத்த கோழியோட விட்றாதீங்க, 21 நாள் தனியா வைங்க." இத்தனையும் சரியான பேச்சு. கோழி வளர்க்காதவனுக்கு வராத பேச்சு. தன் பொருளை வாங்குகிறவனிடம் தனியாக வைத்துப் பார் என்று சொல்கிறவன் கெட்ட பொருளைத் தருவானா என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் முழுப் பணமும் போட்டுவிட்டேன். பாதி இப்போது, பாதி பெட்டி வந்து இறங்கிய பிறகு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சிறுவிடையில் ஏமாற்றுவது ஏன் சுலபம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கருங்கோழி என்றால் நாக்கு, தோல், பூ (கொண்டை) எல்லாம் கறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி என்றால் பட்டாணி மாதிரி அமுங்கிய பூ, நீண்ட கழுத்து, சின்னத் தாடை (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) என்று அடையாளம் உண்டு. சிறுவிடைக்கு நிறத்தில் அடையாளம் கிடையாது. கறுப்பு, சாம்பல், புள்ளி, செவலை, வெள்ளை என எல்லாம் வரும். அதனால் கலர் கலராக இருபது பெட்டையை எடுத்து வீடியோ பிடித்தால் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாமே நாட்டுக்கோழிதான். உடம்பின் அளவு, எல்லாவற்றுக்கும் மேல் அடை உட்காரும் குணம், இவைதான் சிறுவிடைக்கு அடையாளம். இரண்டையும் வீடியோவில் பார்க்க முடியாது.

பெட்டியைத் திறந்ததும் தராசில் வைத்தேன். ஐந்து மாதச் சிறுவிடை வெடை ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். இவை 1.6, 1.7 கிலோ. கால் தண்டும் பருமன். பெட்டைகளில் பாதிக்கு மேல் அலகு நுனி மழுங்கி இருந்தது. மேல் அலகு கீழ் அலகை விடக் குட்டை. இப்படி அலகை வெட்டுவது பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் இடத்தில்தான். தோட்டத்தில் மேயும் கோழிக்கு அலகை வெட்டினால் அது எப்படிப் பூச்சி பொறுக்கும்? உடனே போட்டோ எடுத்து அனுப்பினேன். "ஒண்ணுக்கொண்ணு கொத்திக்கிச்சுண்ணே, நகவெட்டியால நுனிய மட்டும் எடுத்தேன்" என்றான். எடைக்கு, "நல்ல தீவனம் போட்டேன்ணே". கொத்தும் கோழிக்கு நுனி எடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். நம்பித் தொலைத்தேன்.

நாலாம் நாள் இரண்டு பெட்டைக்குக் கண்ணில் நுரை, மூஞ்சி வீக்கம், மூக்கில் நாற்றமடிக்கும் சளி. கொரைசா என்ற தொற்றுச் சளி நோய். கால்நடை மருத்துவர் பார்த்து மருந்து கொடுத்தார். அவனிடம் கேட்டதற்கு "பஸ் காத்துண்ணே, மஞ்சளும் மிளகும் அரைச்சு உருட்டிக் கொடுங்க" என்றான். தனியாக வைத்திருந்ததால் என் பழைய கோழிகள் தப்பின. ஆனால் கொரைசா வந்து பிழைத்த கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். மந்தையில் கலக்கக் கூடாது, வளர்ப்புக்கு இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

தனிக்கூடத்திலேயே இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தது. பொழுது சாய்ந்தால் சிறுவிடை உயரம் தேடும். மரம், கூரை, ஏணி என எதிலாவது ஏறி அடையும். இவற்றுக்கு ஓர் அடி உயரத்தில் குச்சி கட்டிக் கொடுத்தும் மூலையில் தரையிலேயே ஒன்றன்மேல் ஒன்று அமுங்கிப் படுத்தன. ஆழ்கூளத்தில் (தரையில் உமி, மரத்தூள் பரப்பிய ஷெட்டில்) வளர்ந்த பழக்கம். கம்பும் சோளமும் இறைத்தால் ஒதுக்கிவிட்டுத் தொட்டியில் மாவுத் தீவனம் இருக்கிறதா என்று போய் நின்றன. கரையானைக் கொத்தத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில், "தண்ணி மாறினா அப்படித்தான், ஒரு மாசம் பாருங்கண்ணே."

அவன் கேட்ட ஒரு மாதத்துக்குள் அவையே முட்டையைப் போட்டுக் காட்டிவிட்டன. சிறுவிடை முட்டை 35 முதல் 40 கிராம் வரும். இவை 50, 52 கிராம், நல்ல பழுப்பு ஓடு. நாலு பெட்டையைத் தனித்தனிக் கூண்டில் போட்டு, மண்சட்டியில் மணல் பரப்பி, அடைக்கு உட்காருகிறதா என்று ஆறு முட்டையை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். சிறுவிடை 12, 15 முட்டையில் நிறுத்தும். வயிற்று இறகை உதிர்க்கும், கை வைத்தால் அடிவயிறு கொதிக்கும், கிட்டே போனால் சிலிர்த்துக் கொர்ரென்று சத்தம் போடும், சட்டியை விட்டு எழாது. இந்த நாலும் 40 நாளில் ஆளுக்கு முப்பது முட்டைக்கு மேல் போட்டன. ஒன்று கூட அடைக்கு உட்காரவில்லை. முட்டையைப் போட்டதும் எழுந்து கேறிக்கொண்டு தீவனத்துக்கு ஓடிவிடும்.

அந்த ரகத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா மாதிரியான ரகங்கள் முட்டைக்கு நல்ல கோழிகள். ஆனால் அதிக முட்டைக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அடை குணத்தை எடுத்துவிட்ட ரத்தம் அது. அதைச் சிறுவிடையில் கலந்தால் அடுத்த தலைமுறைப் பெட்டை ஒழுங்காக உட்காராது. சில பத்தாம் நாள், பதினைந்தாம் நாளில் முட்டையை விட்டு எழுந்துவிடும். 21 நாள் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்தாம் நாள் எழுந்தால் உள்ளே எல்லாம் செத்த கரு. நம்மிடம் குஞ்சு வாங்கினவர் ஆறு ஏழு மாதம் கழித்து அதைப் பார்ப்பார். கெட்ட பெயர் நமக்குத்தான் வரும்.

எனக்கு நடந்த பெரிய சேதம் அதில்தான். மூன்று சேவலில் அலகு வெட்டாத, உருவம் ஒத்த ஒன்றை முப்பது நாள் கழித்து என் எட்டுப் பெட்டையோடு விட்டிருந்தேன். முட்டையைப் பார்த்துச் சந்தேகம் வந்ததும் பிரித்தேன். ஆனால் சேவலைப் பிரித்த அன்றே எல்லாம் சரியாகிவிடாது. ஏறின சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் வரை தங்கும். அதுவரை வரும் முட்டைக்கு யார் அப்பன் என்று சொல்ல முடியாது. அதனால் நாலு வாரம் வந்த முட்டை ஒன்றைக் கூட அடை வைக்காமல் சமையலுக்குக் கொடுத்தேன். குஞ்சுக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. 23 கோழிக்கு எழுபத்தைந்து நாள் தீவனம் மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல். இது 15,500-க்கு வெளியே.

முட்டை எடையோடு போட்டோ அனுப்பியபோது முதல் தடவை பேச்சு மாறியது. அதுவரை அண்ணே, அதற்குப் பிறகு சார். "சார், நான் கொடுத்தது சிறுவிடைதான். உங்க எடத்துல மாத்தி வெச்சிருந்தா நான் என்ன பண்றது?" பாதிப் பணமாவது தா என்று கேட்டேன். "உயிருள்ள பொருளுக்கு ரிட்டன் கிடையாது சார்." சேவலை மட்டும் எடுத்துக்கொண்டு 2,700-ஐக் கொடு என்றேன். பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. பத்து நாள் இப்படியே. குழுவில் அலகு போட்டோவோடு எழுதினேன். இருபது நிமிடத்தில் நிர்வாகி எடுத்துவிட்டார். "தனிப்பட்ட வியாபாரத்துக்குக் குழு பொறுப்பல்ல." அவனுடைய விற்பனைப் பதிவு மட்டும் நிற்கிறது. நேற்று இரவு பிளாக்.

கண்டுபிடிக்கும் வழியை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரில் போகாமல் தாய்க்கோழி வாங்காதீர்கள். முடியாவிட்டால் வீடியோ காலில் நீங்கள் கைகாட்டும் கோழியைப் பிடித்து அலகைப் பக்கவாட்டில் காட்டச் சொல்லுங்கள், தராசில் வைக்கச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்த பிறகு கூப்பிட்டுக் கோழி எங்கே அடைந்திருக்கிறது என்று கேளுங்கள். அடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டை ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்னால் போடாதீர்கள். கூட வந்த பெட்டைகளின் முதல் ஈடு (முதல் சுற்று) முட்டையைப் பார்க்காமல் புதுச் சேவலை உங்கள் பெட்டைகளோடு விடாதீர்கள். பணம் போட்ட பிறகு கோழியே வராவிட்டால் அன்றைக்கே இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அவன் அனுப்பும் வீடியோ 40 விநாடி ஓடும். வேப்பமரம், பக்கத்தில் மேல்பக்கம் அறுத்த நீல நிற டிரம், பின்னால் பாதி ஓடு பாதி தகரம் போட்ட மாட்டுக்கொட்டகை. சாம்பல் நிறப் பெட்டை ஒன்பது குஞ்சோடு நிற்கும், காக்கை இறங்கியதும் பாய்ந்து விரட்டும். அது நல்ல சிறுவிடைதான். அந்தக் கோழி உங்களுக்கு வராது.