லைட் கிராங்க் போட்டு அஞ்சு வருஷம்: ரெண்டு கிராங்க் பாத்தாச்சு

நாலு சிலிண்டர் இன்லைன், 2.0 லிட்டர், டர்போ கிடையாது, 8000 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தணும்னு கட்டின இன்ஜின். தினசரி ஓட்டமும் உண்டு, அப்பப்ப டிராக்கும் உண்டு. இப்ப உள்ள இருக்கறது ரெண்டாவது கிராங்க், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கறத சுழற்சியா மாத்துற தண்டு. முதல்ல போட்டது 9000 கிலோமீட்டர்லயே கையக் கடிச்சிருச்சு, ஏன்னு புரியறதுக்கே எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

வண்டியோட வந்த கிராங்க் தராசுல 17 கிலோ. அத ஒரு பட்டறைல குடுத்து கவுன்டர்வெயிட் (கிராங்க்லயே இருக்கற எதிர் எடை) ஓரமெல்லாம் கத்தி மாதிரி சீவி, அதான் நைஃப் எட்ஜிங்னு சொல்றாங்களே, 13.8 கிலோவுக்கு இறக்கினோம். பேலன்சிங் மெஷின்ல ஏத்தினா ரீடிங் கிட்டத்தட்ட ஜீரோ. எனக்கு தலகால் புரியல, அந்த ஜோர்லயே கிராங்க் மூக்குல இருந்த ரப்பர் டேம்பரையும் கழட்டிட்டு அலுமினியம் புல்லி மாட்டினேன், அது தனிக்கூத்து, அப்புறம் சொல்றேன். ஓட்டவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆக்சிலரேட்டர தொட்டா முள்ளு தாவும்.

ஆயில் மாத்தும்போதெல்லாம் பழைய ஃபில்டர வெட்டிப் பாக்குறது என் வழக்கம். 9000ல வெட்டினப்ப பேப்பர் மடிப்புக்குள்ள செம்பு நிறத்துல பொடி மினுங்குது. இன்ஜின் சூடானா ஐடில்ல ஆயில் பிரஷரும் இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. சம்ப்ப (அடியில இருக்கற ஆயில் தொட்டி) இறக்கி, கிராங்க தாங்கற அஞ்சு மெயின் பேரிங்கோட கேப்ப ஒவ்வொண்ணா கழட்டினா 1, 2, 4, 5 எல்லாம் சாம்பல் நிறத்துல சுத்தமா இருக்கு, நடுவுல இருக்கற 3வது பேரிங் மட்டும் மேல் பூச்சு தேஞ்சு செம்பு பல்லக் காட்டுது, நகத்த வச்சு இழுத்தா கோட்டுல மாட்டுது.

மெஷின் ஜீரோ காட்டுச்சே, அப்புறம் எப்படி? இங்கதான் நான் ஏமாந்தேன். இன்லைன் நாலு சிலிண்டர் கிராங்க்ல ராடு மாட்டற பின் நாலுல 1ம் 4ம் ஒரு பக்கம், 2ம் 3ம் எதிர்ப் பக்கம், அதனால கவுன்டர்வெயிட்டே இல்லாட்டியும் மொத்தமா பாத்தா அது பேலன்ஸ்தான், மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனா 2வது பின்னும் 3வது பின்னும் நடு மெயினுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி, ஒரே திசைல இருக்கு, ரெண்டோட இழுப்பும் அந்த ஒத்த பேரிங் தலையிலதான் விழுது. 86 மி.மீ ஸ்ட்ரோக்னா (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) பின் 43 மி.மீ தள்ளி சுத்துது, அங்க அரை கிலோ எடை இருந்தா 8000 ஆர்பிஎம்ல சுமார் ஒண்ணரை டன் விசைல வெளிய இழுக்கும். அத அந்த இடத்துலயே தாங்கிப் புடிக்கத்தான் கவுன்டர்வெயிட் இருக்கு, நான் சீவித் தள்ளினது அதைத்தான்.

டேம்பர் கதையும் இதே மாதிரிதான். அது பேலன்சுக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் லேசா முறுக்கி விடுபடும், அந்த அதிர்வ அடக்கத்தான் ரப்பர் வளையம். அது இல்லாம அதிக ஆர்பிஎம்ல ஓட்டினா, கிராங்க் மூக்குல நேரா மாட்டின ஆயில் பம்ப் கியர் விரிசல் விடற வாய்ப்பு இருக்கு. எனக்கு விடல, அது அதிர்ஷ்டம்.

ரெண்டாவது தடவ 4340 ஸ்டீல் ஃபோர்ஜ்டு, நைட்ரைடிங் பண்ணது (மேல்பரப்ப கெட்டியாக்கறது), எட்டு கவுன்டர்வெயிட்டும் முழுசா இருக்கறது, 15.6 கிலோ. வண்டியோட வந்ததவிட 1.4 கிலோதான் கம்மி, வாங்கும்போது மனசே வரல. டேம்பர திரும்ப மாட்டி, எடையக் குறைக்கற வேலைய கிராங்க் பின்முனைல மாட்டற ஃப்ளைவீல் சக்கரத்துல காட்டினேன். சுழலும் எடைக்கு தூரத்தோட வர்க்கம்தான் கணக்கு, 120 மி.மீ தள்ளி ஒரு கிலோ எடுத்தா, 50 மி.மீல ஒரு கிலோ எடுக்கறத விட கிட்டத்தட்ட 6 மடங்கு பலன். பிஸ்டனும் ராடும் லைட்டா போட்டதால பேரிங்குக்கும் சுமை கொறஞ்சுச்சு.

மாட்டும்போது ஒரு வம்பு. கேப் டைட் பண்ணதும் கிராங்க் கையால சுத்த மறுக்குது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல கிளியரன்ஸ் 0.055 மி.மீ, 55 மி.மீ ஜர்னலுக்கு (பேரிங்குக்குள்ள சுத்தற பாகம்) சரியான அளவுதான். கழட்டிப் பாத்தா பேரிங் ஷெல் ஓரத்துல தலைமுடி மாதிரி ஒரு பளபளப்புக் கோடு. புது கிராங்க்ல ஜர்னல் மூலை வளைவு பெருசு, ஷெல் ஓரம் அதுல ஏறி உக்காந்திருக்கு. ஓரம் சரிச்ச ஷெல் வரவழைச்சு போட்டதும் ரெண்டு விரல்ல சுத்துச்சு.

மூணு வருஷம், 26,000 கிலோமீட்டர் ஆச்சு. போன மாசம் சும்மா சந்தேகத்துல சம்ப்ப இறக்கினேன், நடு பேரிங்கும் மத்ததும் ஒரே நிறம். ஓட்டத்துல வித்தியாசம் 1, 2 கியர்லதான். இங்கயும் வர்க்கக் கணக்குதான், 1வது கியர் ரேஷியோ 3.5, 5வது 0.8ன்னா இன்ஜின் சுழல் எடை வண்டிக்கு சுமையா தெரியறதுல 19 மடங்கு வித்தியாசம் வருது, 5வதுல ஒண்ணுமே தெரியாது. டவுன்ஷிஃப்ட்ல லேசா மிதிச்சாலே ரெவ் சேர்ந்துக்குது, எனக்கு அதுவே போதும்.

ஐடில் ஆர்பிஎம்ம 800லேர்ந்து 1050க்கு ஏத்த வேண்டியதாப் போச்சு. அப்படியும் ஏசி போட்டுட்டு மேட்டுல ரிவர்ஸ் எடுத்தா பொசுக்குன்னு ஆஃப் ஆயிடும், பின்னாடி நிக்கிறவன் ஹார்ன வச்சு அமுக்குவான்.