எடுக்காத போனுக்கும் காசு பிடிக்கும் வெளிநாட்டு அழைப்புச் செயலிகள்

வேறு நாட்டில் இருக்கும் பெரியம்மாவை ஒரு செயலி வழியாகக் கூப்பிட்டேன். அவர் போனில் மிஸ்டு கால் என்று இருக்கிறது. அதே அழைப்புக்கு என் செயலியில் ஒரு நிமிடம் பேசியதாகக் கணக்கு எழுதிக் காசும் எடுத்திருக்கிறார்கள். அவர் போனை எடுக்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்றதெல்லாம் நோண்ட நோண்டக் கிளம்பியவை.

இரண்டு பக்கமும் வாட்ஸ்அப் இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. இணையம் இல்லாத சாதாரண போன், லேண்ட்லைன், வங்கி, அரசு அலுவலகம் என்று கூப்பிட வேண்டியிருக்கும்போதுதான் இந்த வகைச் செயலி தேவைப்படுகிறது. நம் பக்கத்தில் இணையம், அந்தப் பக்கத்தில் சாதாரண எண். பலர் இதற்கு ஸ்கைப் வைத்திருந்தார்கள். 2003-இல் வந்த அது 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மாற்று தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். தேடினால் முதலில் வந்து விழுவது, 'நிமிடத்துக்கு இவ்வளவுதான்' என்று பெரிய எழுத்தில் போட்ட, பெயர் கேள்விப்படாத செயலிகள்தான். அப்படி ஒன்றில்தான் காசு போட்டேன்.

முதல் சில அழைப்புகள் ஒழுங்காகவே போயின. அப்புறம் பேலன்ஸ் கரையும் வேகம் சந்தேகத்தைக் கிளப்பியது. பேசிய நேரத்தையும் போன காசையும் வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று அண்ணன் மகனைப் பிடித்தேன். மடிக்கணினியில் வாட்ஸ்அப்பில் அவனோடு பேசிக்கொண்டே, என் போனிலிருந்து இந்தச் செயலி வழியாக அவன் கைபேசி எண்ணைக் கூப்பிட்டேன். எடுக்காதே, மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிரு என்று முன்பே சொல்லியிருந்தேன்.

என் காதில் மணி அடிக்க ஆரம்பித்தது. திரையில் நேரம் 00:01, 00:02 என்று ஓடவும் ஆரம்பித்துவிட்டது. "சித்தப்பா, இங்க இன்னும் அடிக்கவே இல்லையே" என்கிறான் அவன். என் திரையில் ஏழு விநாடி தாண்டிய பிறகுதான் அவன் போன் அதிர்ந்தது. அதுவரை நான் கேட்டது அவன் போனின் மணியே இல்லை, நடுவில் எவனோ போட்டுவிட்ட ஒலி. ஆள் ஏறுவதற்கு முன்பே மீட்டர் ஓடும் டாக்ஸி மாதிரி.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் பேசுவது செயலியின் சர்வர் வரை இணையத்தில் போகிறது. அங்கிருந்து சாதாரண தொலைபேசி வலைப்பின்னலுக்குள் இறங்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டத்தைச் செயலிக்காரர் மொத்த விலைக்கு வேறு ஒருவரிடம் வாங்குகிறார், அவர் இன்னொருவரிடம் வாங்குகிறார். விலை குறையக் குறைய நடுவில் கைகள் கூடும். அந்தப் பக்கம் போனை எடுத்ததும் 'எடுத்தாயிற்று' என்று ஒரு சிக்னல் திரும்பி வரும். அதை வைத்துத்தான் காசு கணக்கு தொடங்குகிறது. நடுவில் இருக்கும் ஒருவர் அந்த சிக்னலை முன்கூட்டியே பொய்யாக அனுப்பிவிட்டு, நமக்கு ஒரு போலி மணியோசையைக் கேட்கவிடுவார். தொலைபேசித் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய மோசடி இது. செயலிக்காரரே இதில் ஏமாந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் என்னிடம் காசு வாங்கியது அவர்தானே? ஆதாரத்தோடு புகார் கொடுத்தால் 'எங்கள் பதிவின்படி அழைப்பு ஏற்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்புவதுதான் எரிச்சல்.

அடுத்தது நிமிடக் கணக்கு. 61 விநாடி பேசினால் 2 நிமிடம். ஐந்தே விநாடியில் லைன் அறுந்தாலும் 1 நிமிடம். இதோடு ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு இணைப்புக் கட்டணம், அதுவும் விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில். விளம்பரத்தில் சொல்லும் விலை, ஒரே மூச்சில் அரை மணி நேரம் பேசுபவருக்கு ஓரளவு உண்மை. 'மருந்து சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவிட்டு வைப்பவருக்கு அது பொய்.

விலைப்பட்டியலைப் பார்க்கும்போது நாட்டின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். லேண்ட்லைனுக்கு ஒரு விலை, கைபேசிக்கு வேறு விலை. பெரிய எழுத்தில் போடுவது எப்போதும் குறைந்ததைத்தான். நாட்டுக் குறியீட்டை வைத்தும் முடிவு செய்ய முடியாது. +1 என்றதும் அமெரிக்கா, கனடா என்று நினைப்போம். ஜமைக்கா, பஹாமாஸ் போன்ற கரீபியன் நாடுகளுக்கும் +1 தான், அங்கே பேசக் கட்டணம் பல மடங்கு வரலாம். ரஷ்யாவும் கஜகஸ்தானும் +7-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. முழு எண்ணையும் போட்டு விலை காட்டும் வசதி இல்லாத செயலி என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

பெரியம்மா ஏன் பல தடவை போனையே எடுக்கவில்லை என்பதும் பிறகுதான் புரிந்தது. என் எண் தெரிவதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறையும் அவர் நாட்டிலேயே இருக்கும் வேறு வேறு எண்கள் தெரிந்திருக்கின்றன. தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம்! பெட்டி நிறைய சிம் கார்டுகளை அடுக்கி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு போல மாற்றிவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. பல நாடுகளில் அது சட்டவிரோதம். மலிவான செயலியில் கூப்பிட்டு, அந்தப் பக்கம் முன்பின் தெரியாத உள்ளூர் எண் வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த வழிதான். அவர்கள் திருப்பிக் கூப்பிட்டால் உங்களுக்கு வராது, அந்த சிம்முக்குத்தான் போகும்.

காசைத் திருப்பி வாங்கலாம் என்று போனபோது நடந்தது தனிக்கதை. கஸ்டமர் கேர் என்று ஒரு சாட் பெட்டி, அதில் பதில் சொல்வது இயந்திரம். விடாமல் எழுதிய பிறகு 'நல்லெண்ண அடிப்படையில்' கொஞ்சம் போனஸ் கிரெடிட் போட்டார்கள். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் இன்னொரு ரீசார்ஜ் செய்ய வேண்டுமாம்! இதற்கிடையில் பேலன்ஸ் குறைந்தால் தானாக ரீசார்ஜ் ஆகும் ஏற்பாடு வேறு, நான் கேட்காமலேயே முதல் பணம் கட்டிய திரையில் டிக் போட்டபடி வந்திருக்கிறது. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டதற்கு மறுத்துவிட்டேன். கொடுத்திருந்தால் இந்தச் செயலியில் சேரச் சொல்லி என் பெயரில் எல்லாருக்கும் அழைப்பிதழ் பறந்திருக்கும் என்று அதன் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது.

கடைசி ரீசார்ஜ் மட்டும் கூகுள் பிளே வழியாகச் செய்தது. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்ட் கேட்கலாம், கேட்டேன், வந்தது. கார்டு எண்ணை நேரடியாகக் கொடுத்துச் செயலிக்குள் கட்டிய பழைய தொகைக்கு வங்கியில் முறையிட்டிருக்கிறேன். அண்ணன் மகன் பக்கத்து மிஸ்டு கால் படமும் என் செயலியின் கணக்குப் படமும் நேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

புதிதாக எந்தச் செயலியில் காசு போடுவதாக இருந்தாலும், இருப்பதிலேயே சிறிய தொகையைப் போட்டு, எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்து ஒரு அழைப்பு செய்து பாருங்கள். காசு குறைந்தால் அத்தோடு விட்டுவிடலாம். கிரெடிட் எத்தனை நாளில் காலாவதி, 'அன்லிமிடெட்' என்றால் உண்மையில் எத்தனை நிமிடம் என்பதையும் விதிமுறையில் தேடிப் படியுங்கள். அவசர உதவி எண்களுக்கு இவற்றை நம்பவே வேண்டாம், பலவற்றில் அந்த அழைப்பு போகவே போகாது.

பயணத்தில் இருப்பவர்கள் தங்கள் சிம்மிலேயே வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை வழியாகச் சொந்த எண்ணிலேயே பேசும் வசதி) இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். சில நிறுவனங்கள் வெளிநாட்டு வைஃபையிலிருந்து சொந்த நாட்டுக்குப் பேசுவதை உள்ளூர்க் கட்டணத்திலேயே விடுகின்றன, சில ரோமிங் கட்டணம் போடுகின்றன. கிளம்புவதற்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு செயலியில் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு: போனிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் அல்லது பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கார்டை நேரடியாகக் கொடுத்திருந்தால், முதலில் செயலிக்குள் போய் தானியங்கி ரீசார்ஜை நிறுத்திவிட்டு அதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு அழியுங்கள்.